வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு

சேசு மரி சூசை

புக்கிட் மேரா,
6 பிப்ரவரி 1984

படகு லைசென்ஸ் அலுவலகத்துப் பெரியவருக்கு,

வணக்கம் பல. தங்கள் அலுவலகத்தில் தமிழ் வாசிக்கிறவர் ஒருவராவது இருப்பார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். உறையின் மேல் இருக்கும் இங்கிலீஷ் விலாசம் என் பேத்தி லீலா எழுதியது. எட்டு வயதுதான், எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது நானே எழுதியது. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் வகுப்பில் முதல். மேலே படிக்க வைக்கச் சொல்லி எங்கள் பள்ளிக்கூடத்து மதர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் கேட்டார்கள். அது நடக்கவில்லை. போகட்டும்.

விஷயம் என்னவென்றால், என் வீட்டுக்காரர் சிலுவைராஜ் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். கயிறு கட்டுவது, கிரேன்காரனுக்குக் கை காட்டுவது அவர் வேலை. போன வருஷம் ஓய்வு கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஆறு மாதம் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுவார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். எனக்குப் பயமாகவே போய்விட்டது.

அவர் கூட்டாளி காதர் மைதீன் பாசிர் பாஞ்சாங்கில் படகு பழுது பார்க்கிறவர். அவர் கொட்டகையில் கிடந்த ஒரு பதினாலு அடிப் படகை இவர் தலையில் கட்டினார். அதைத் தேய்த்து, பூசி, இஞ்சின் வைத்து, எங்கள் மகள் அருள்ஜோதி பேரை எழுதி, மனுஷன் திரும்ப மனுஷன் ஆகிவிட்டார். இப்போது பாட்டுக்கூட வருகிறது.

சொந்தப் படகை ஓட்டவும் லைசென்ஸ் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். இவர், "கப்பலையே தூக்கி நிறுத்தினவன் நான், பதினாலு அடிக்கு எவன்கிட்ட போய் கேக்கிறது?" என்கிறார். ஜூன் 24 ஞாயிறு லீலாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். பூசை முடிந்ததும் அவளையும் அவள் தங்கச்சி ஜோசபினையும் ஹந்துத் தீவுக்குப் படகில் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். பேப்பர் இல்லாமல் பிள்ளைகள் ஏற முடியாது என்று நானும் சொல்லிவிட்டேன்.

ஆகவே யாருக்கு லைசென்ஸ் வேண்டும், என்ன பரீட்சை, தமிழில் பதில் சொல்லலாமா என்று விவரமாக எழுதவும்.

இப்படிக்கு,
சி. பிலோமினம்மாள்


15 பிப்ரவரி 1984

மதிப்பிற்குரிய திருமதி பிலோமினம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். இந்த அலுவலகத்தில் தமிழ் வாசிக்கக் கூடியவன் நான் ஒருவனே. ஆகையால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். படகுக்கு ஒரு லைசென்ஸ், ஓட்டுபவருக்கு ஒரு லைசென்ஸ். இங்கு வருபவர்களில் பாதிப் பேர் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதும் தம்மிடம் இருப்பதாகவே எண்ணுகிறார்கள். துடுப்புப் போடும் படகுக்கு ஓட்டுநர் லைசென்ஸ் தேவையில்லை. இஞ்சின் பூட்டிய படகு என்றால், சொந்தப் படகானாலும், வெறும் பொழுதுபோக்குக்கானாலும், சுக்கான் பிடிப்பவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். கப்பல் பட்டறையில் எத்தனை வருடம் வேலை செய்தாலும் அது இதற்கு ஈடாகாது.

விண்ணப்பிப்பவர் டாக்டரிடம் உடல், கண் இரண்டையும் காட்டிப் படிவத்தில் கையொப்பம் வாங்க வேண்டும். அதன் பிறகு கடல் விதிகளில் ஒரு பரீட்சை. தமிழில் வாயால் பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அதில் தேறினால் தண்ணீரில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதுவரை, லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் படகில் இருந்து பொறுப்பேற்றால் மட்டுமே தங்கள் கணவர் சுக்கானைத் தொடலாம். குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை கட்டாயம்.

படிவம் இத்துடன் உள்ளது. தங்கள் பேத்தியின் கையெழுத்தைத் தபால் பிரிப்பவர் எல்லோருக்கும் காட்டினார்.

இங்ஙனம்,
க. சிவசுப்பிரமணியம்
எழுத்தர்


சேசு மரி சூசை

புக்கிட் மேரா,
12 மார்ச் 1984

சிவசுப்பிரமணியம் தம்பிக்கு,

தம்பி என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஐம்பத்தெட்டு. உங்களுக்கு அதற்குக் கீழேதான் இருக்கும். உங்கள் கடிதத்தை நான் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தரம் உரக்க வாசித்தேன். இவர் கேட்காத மாதிரி மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். மறுவாரம் தானாகவே டாக்டரிடம் போனார். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கும் வந்தார். பக்கத்து வீட்டுப் பூவம்மாவிடம் நான் பெருமையாகச் சொல்லியும் விட்டேன்.

திரும்பி வந்தவரிடம் கேட்டால், "கூட்டம். ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டான்," என்றார். அவ்வளவுதான். சட்டையைக் கழற்றிக் கொடியில் போடாமல் மடித்து வைத்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் சட்டை மடித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் படகை எடுத்துக்கொண்டு போகிறார். கரையோரமாகத்தான் போகிறேன் என்கிறார். காதர் மைதீனிடம் விசாரித்தேன். அவரிடம் லைசென்ஸ் உண்டு, அவர் கூடப் போகிறாரா என்று கேட்டேன். அந்த மனுஷர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, மழை வரும்போல இருக்கு அக்கா என்றார். அன்றைக்கு நல்ல வெயில்.

உங்கள் அலுவலகத்தில் இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லும் வழக்கம் உண்டா? அதை மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
பிலோமினம்மாள்


19 மார்ச் 1984

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

ஒருவருடைய விண்ணப்பத்தைப் பற்றி இன்னொருவரிடம், மனைவியே ஆனாலும், சொல்ல எனக்கு அனுமதியில்லை. ஆகவே தங்கள் கணவரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளவும்.

பொதுவாகக் கேட்டதற்குப் பொதுவாகச் சொல்கிறேன். இரண்டு மாதம் கழித்து வரும்படி நாங்கள் எவரிடமும் சொல்வதில்லை. ஏற்றுக்கொண்டால் பரீட்சைத் தேதி கொடுப்போம். ஏற்காவிட்டால் காரணம் எழுதிக் கடிதம் கொடுப்போம்.

லைசென்ஸ் இல்லாமல் கரையோரம் ஓட்டுவதும் குற்றமே.

இங்ஙனம்,
க. சிவசுப்பிரமணியம்


சேசு மரி சூசை

புக்கிட் மேரா,
2 ஏப்ரல் 1984

தம்பிக்கு,

கடிதம் இருந்தது. அலமாரியில், அவருடைய பட்டறைச் சான்றிதழ்களுக்கு அடியில், அந்த வெள்ளைச் சட்டையின் மடிப்புக்குள். நான் தேடினேன் என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. அவர் படகுக்குப் போன நேரம் பார்த்துத் தேடினேன்.

இங்கிலீஷ். எனக்கு எழுத்துகள் தெரியும், சேர்த்தால் அர்த்தம் தெரியாது. லீலாவிடம் காட்டினால் நொடியில் வாசித்துவிடுவாள். தாத்தாவைப் பற்றியது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அருள்ஜோதியிடம் காட்டினால் அன்றைக்கே படகை விற்கச் சொல்வாள். அதனால் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கோலம் போடுகிற மாதிரி அந்த மூன்று வரியையும் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறேன். தனித்தாளில் வைத்திருக்கிறேன். பேர், நம்பர் ஒன்றும் எழுதவில்லை. இது யாருடைய கடிதம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். ஒரு கிழவி மூன்று வரிக்குத் தமிழில் அர்த்தம் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவரிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் பாடிக்கொண்டே போகிறார். அதை நிறுத்த எனக்கு வாய் வரவில்லை.

பிலோமினம்மாள்


உ
சிவமயம்

9 ஏப்ரல் 1984

அம்மாவுக்கு,

இதை வீட்டிலிருந்து, என் சொந்தக் காகிதத்தில் எழுதுகிறேன். நீங்கள் வரைந்து அனுப்பியதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. என் மனைவி இராசேஸ்வரி ஆசிரியை. அவளுக்கு அந்தத் தாளை மட்டும் காட்டினேன். தன் வகுப்புப் பிள்ளைகள் இப்படி எழுதுவதில்லை என்று சொன்னாள்.

மூன்று வரிக்கும் அர்த்தம் இது: நிறப் பார்வைப் பரிசோதனையில் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலவில்லை. ஆதலால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

இது நோய் அல்ல, அம்மா. பிறக்கும்போதே சில ஆண்களுக்கு அமைவது. கண் கூர்மையாகவே இருக்கும், இந்த இரண்டு நிறம் மட்டும் ஒன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுதும் தமக்கே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. தெரிந்து மறைப்பவர்களும் உண்டு.

நிலத்தில் இதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. கடலில் சிவப்பும் பச்சையும்தான் பாஷை. எந்தக் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதை மாலைக்குப் பிறகு அந்த இரண்டு விளக்கை வைத்துத்தான் அறிய முடியும். ஹந்துத் தீவுக்குப் போகும் வழியில் பெரிய கப்பல்கள் ஓயாமல் போகும் பாதையைக் கடக்க வேண்டும். வேறு எதிலாவது தளர்வு காட்டலாம். இதில் இயலாது.

அன்புடன்,
சிவசுப்பிரமணியம்


சேசு மரி சூசை

புக்கிட் மேரா,
23 ஏப்ரல் 1984
உயிர்ப்புத் திங்கள்

தம்பிக்கு,

ஈஸ்டர் பண்டிகை நல்லபடியாகப் போனது. லூர்து மாதா கோயிலில் பாதிராப் பூசைக்கு நிற்க இடமில்லை. உங்கள் வீட்டிலும் புத்தாண்டு நன்றாக நடந்திருக்கும். இராசேஸ்வரிக்கு என் அன்பைச் சொல்லவும்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நான் முப்பத்தெட்டு வருஷத்தையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தேக்கா மார்க்கெட்டில் தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். கைப்பழக்கம் என்று நினைத்தேன். ரோட்டைக் கடக்கும்போது பக்கத்தில் நிற்கிறவன் காலை எடுத்து வைத்தால்தான் இவரும் வைப்பார். மரியாதை என்று நினைத்தேன். ஐம்பத்தொன்றாம் வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பச்சைச் சேலை கேட்டேன், சிவப்பை வாங்கிவந்தார். கடைக்காரன் மாற்றிக் கட்டிவிட்டான் என்றார். நானும் அந்தக் கடைக்காரனை இரண்டு வருஷம் ஏசிக்கொண்டு திரிந்தேன். பாவம் அவன்.

அவருக்குத் தெரியும், தம்பி. ஆரம்பத்திலிருந்தே தெரியும். பட்டறையில் கைச்சைகை வேலை என்பதால் வெளியே வரவில்லை. எனக்குக்கூடச் சொல்லவில்லை. இப்போது போய், எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னால் மனுஷர் திரும்பச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். சொல்லாமல் விட்டால் ஜூன் இருபத்துநாலாம் தேதி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். வாக்குக் கொடுத்தால் மாற மாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த குணம், அதுவேதான் இப்போது வினை.

இரண்டு வாரம் யோசித்தேன். ஒரு வழிதான் தெரிகிறது. லைசென்ஸ் உள்ளவர் படகில் இருந்து பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆள் நானாக இருந்தால்? படகை விற்க வேண்டாம், அவரும் படகில் இருப்பார், நிறம் பார்க்கிற வேலை என்னுடையது.

சிரிக்க வேண்டாம். பெண்பிள்ளைகளுக்கு லைசென்ஸ் கொடுக்க மாட்டோம் என்று நீங்கள் எழுதவில்லை. இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்றும் எழுதவில்லை. நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். டாக்டரிடமும் போய் வந்துவிட்டேன். புள்ளிகளுக்குள் எண் இருக்கும் புத்தகத்தைக் காட்டினார். எல்லா எண்ணையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. கண்ணில் ஏதும் வலியா என்று கேட்டார்.

விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறதாம். எனக்குத் தமிழில் யார் சொல்லித் தருவார்கள்?

பிலோமினம்மாள்


உ
சிவமயம்

2 மே 1984

அம்மாவுக்கு,

சிரிக்கவில்லை. இராசேஸ்வரிதான், நீங்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது என்று என்னை ஏசினாள். மேலதிகாரியிடம் கேட்டேன். வெளியாருக்கு விதிகளை விளக்குவது நம் வேலைதானே என்றார். விண்ணப்பம் பதிவாகும் வரை எழுதலாம்.

படகின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. இதை மட்டும் தலைகீழாகக் கேட்டாலும் சொல்ல வேண்டும். எதிரில் வரும் படகில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நேராக உங்களை நோக்கி வருகிறது. இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். உங்கள் வலக்கைப் பக்கமிருந்து குறுக்கே வரும் படகு தன் சிவப்பைக் காட்டும். அப்போது வழி விட வேண்டியவர் நீங்கள். அதன் பின்னால் சுற்றிப் போங்கள், முன்னால் பாயக் கூடாது. இடக்கைப் பக்கமிருந்து வந்தால் பச்சை தெரியும். அவர் வழி விட வேண்டும், நீங்கள் போக்கை மாற்றாமல் போக வேண்டும். மாற்றினால் அவர் குழம்பிவிடுவார்.

வயதில் பெரியவர், சிறியவர் என்று இங்கே கிடையாது. ஆனால் குறுகலான கப்பல் பாதையில் பெரிய கப்பலுக்குச் சிறுபடகுதான் ஒதுங்க வேண்டும். அந்தக் கப்பலால் உடனே நிற்க முடியாது. நிறுத்தினாலும் ஒரு மைல் ஓடும். மேலிருப்பவர்களுக்கு உங்களைத் தெரியவும் தெரியாது.

கடலிலிருந்து துறைக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், தலை தட்டையாக இருக்கும். பச்சை வலப்பக்கம், தலை கூம்பாக இருக்கும். பகலில் உருவத்தை வைத்தே இனம் காணலாம். ஒருவேளை சிலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் போலும்.

மீதியைத் தனித்தாள்களில் எழுதியிருக்கிறேன், மொத்தம் பதினொரு பக்கம்.

அன்புடன்,
சிவசுப்பிரமணியம்


சேசு மரி சூசை

புக்கிட் மேரா,
20 மே 1984

தம்பிக்கு,

பதினொரு பக்கமும் மனப்பாடம். அடுப்படியில் ஒன்று, தலையணைக்குள் ஒன்று, செபப் புத்தகத்துக்குள் மூன்று என்று வைத்துப் படித்தேன். சிராங்கூன் ரோட்டில் கண்ணாடி வளையல் வாங்கி இடது கையில் சிவப்பும் வலது கையில் பச்சையுமாகப் போட்டுக்கொண்டேன். பூவம்மா, "என்னக்கா இது, ஆளுக்கொரு கலரா, கண்ணு தெரியலையா?" என்று சிரித்தாள். இவரும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, அவருக்கு இரண்டும் ஒரே வளையல்தானே.

விண்ணப்பத்தை நேற்றுத் தபாலில் சேர்த்தேன். ஜூன் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை பரீட்சை இருக்கிறது என்று உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பூவம்மா கேட்டுச் சொன்னாள். இவரிடம் அன்றைக்கு அருள்ஜோதி வீட்டுக்குப் போவதாகச் சொல்லப்போகிறேன். பொய்தான். கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்வேன்.

ஒன்று கேட்க வேண்டும். தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் மொழிபெயர்ப்பும் நீங்கள்தானே? நான் எங்காவது தடுமாறினால் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தமிழில் நான் என்ன சொன்னேன் என்று அந்த அதிகாரிக்கு எங்கே தெரியப்போகிறது? பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன்.

பிலோமினம்மாள்


உ
சிவமயம்

25 மே 1984

அக்காவுக்கு,

உங்கள் விண்ணப்பம் பதிவாகிவிட்டது. மொழிபெயர்ப்பவன் நானே. ஆகையால் இது என் கடைசிக் கடிதம். அன்று அறையில் உங்களை முன்பின் தெரியாதவரைப் போலவே நடத்துவேன். தவறாக எண்ண வேண்டாம்.

நீங்கள் கேட்டதை முன்பு ஒருமுறை செய்திருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். அசப்பில் என் ஐயாவைப் போல இருந்தார். இழுவைப் படகைப் பற்றிக் கேட்டபோது தெரியாது என்று தலையை ஆட்டினார். நான் இரக்கப்பட்டுச் சரியான பதிலை இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். மூன்று மாதத்தில், இழுவைப் படகுக்கும் அது பின்னால் இழுத்துவந்த பார்ஜ் சரக்குப் படகுக்கும் நடுவில் புகுந்து போகப் பார்த்தார். இடையில் கயிறு இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. படகில் கூட இருந்த அவர் தம்பிக்கு இன்றும் ஒரு கை மேலே எழும்பாது.

பரீட்சையில் அந்தப் பதிலைச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

நன்றாகச் செய்வீர்கள், அக்கா.

சிவசுப்பிரமணியம்


சேசு மரி சூசை

புக்கிட் மேரா,
29 ஜூன் 1984

அன்புள்ள தம்பி சிவசுப்பிரமணியத்துக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் இன்னொன்று எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். அதில் உங்களைப் பற்றி நல்லதாக ஒரு வரியும் இல்லை.

விளக்கு, மிதவை, வழி விடுவது எல்லாம் நான் தடுமாறாமல் சொன்னேன். அந்தப் பரீட்சை அதிகாரி இரண்டு தரம் தலையை ஆட்டியதை நானும் பார்த்தேன். கடைசியாகத்தான் அந்தக் கேள்வி வந்தது. உங்கள் படகு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒருவர் வலப்பக்கம் தண்ணீரில் விழுந்துவிட்டார், சுக்கானை எந்தப் பக்கம் திருப்புவீர்கள் என்று நீங்கள் தமிழில் கேட்டீர்கள். உங்கள் ஏழாவது பக்கத்தில் அது இருந்தது. எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் என்று நீங்கள் சொன்னபோது என் மனசில் ஜோசபின்தான் விழுந்தாள். சின்னவள், ஐந்து வயது. பிள்ளை மேல் படகு ஏறிவிடக் கூடாதே என்று, "பிள்ளையை விட்டு அந்தப் பக்கம் திருப்புவேன், இடப்பக்கம்," என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் மேஜையில் இருந்த தாளை நேராக்கி வைத்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள். இடப்பக்கம் என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்கும் தெரியும், தம்பி. அவர் பேனாவை மூடிவிட்டார். அந்த ஒரு கேள்வி தப்பானால் மற்றது எல்லாம் சரியானாலும் இல்லை என்றார். அதையும் நீங்களே தமிழில் சொன்னீர்கள்.

பஸ்ஸில் வரும்போது வளையல் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டேன். மூன்று நாள் கோபம் ஆறவில்லை. ஒரு வார்த்தை. பதினொரு பக்கத்தையும் மனப்பாடம் செய்தவளுக்கு ஒரு வார்த்தை தரக் கூடாதா என்று.

திங்கட்கிழமை மீன் குழம்புக்கு உப்பே போடவில்லை போலிருக்கிறது. இவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அருள்ஜோதி வீட்ல என்ன சண்டை?" என்று கேட்டார். எனக்குப் பொய் தீர்ந்துபோயிருந்தது. பரீட்சைக்குப் போனேன், பெயிலாகிவிட்டேன் என்று சொன்னேன். எந்தக் கேள்வி என்றார். சொன்னேன்.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து குளியலறைக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிட்டார். பெரிய பேசினில் தண்ணீர் பிடித்து, சோப்பு டப்பாவை மிதக்கவிட்டு, பக்கத்தில் ஒரு புட்டி மூடியைப் போட்டிருந்தார். "இது புள்ள. இது படகு. நீ மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பின. பின்பக்கம் எங்க போகுது பாரு," என்று டப்பாவைத் திருப்பிக் காட்டினார். முன்பக்கம் விலக, பின்பக்கம் வீசி வந்து மூடியை இடித்தது. "புரொப்பெல்லர் அங்கதான் இருக்கு. புள்ள பக்கமாத்தான் திருப்பணும். அப்பத்தான் பின்பக்கம் விலகும். மனசு கேக்காது, ஆனா அப்படித்தான் திருப்பணும்."

நான் குனிந்து டப்பாவை ஒருதரம் நானே திருப்பிப் பார்த்தேன்.

"ஒன்ன யாரு பரீட்சைக்குப் போகச் சொன்னா?" என்றார்.

"யாரும் இல்ல."

"சட்டைக்குள்ள இருந்த கடுதாசியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"ஏப்ரல்ல."

"ரெண்டு மாசமா ஒரு வார்த்த கேக்கலியே நீ."

"முப்பத்தெட்டு வருஷமா நீங்க ஒரு வார்த்த சொல்லலியே."

அவர் பேசின் தண்ணீரைத் தரையில் கொட்டினார். ரொம்ப நேரம் துணியைப் போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அங்கேயே, குளியலறை வாசலில் நின்றுகொண்டே, எல்லாவற்றையும் சொன்னார். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் இலைக்குச் சிவப்புப் பூசி, பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்களாம். அதிலிருந்து யாருக்கும் காட்டக் கூடாது என்று வைத்துக்கொண்டாராம். எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம். அதை நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும்.

இருபத்துநாலாம் தேதி லீலாவின் புதுநன்மை நல்லபடியாக நடந்தது. மெழுகுவத்தியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு போனாள். தீவுக்கும் போனோம். காதர் மைதீன் லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுக்கான் பிடித்தார். இவர் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். தாத்தா ஏன் ஓட்டவில்லை என்று ஜோசபின் கேட்டாள். நான் ஏதாவது சாக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "தாத்தாவுக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். அதனால எனக்குப் பேப்பர் குடுக்கல," என்றார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அப்படியானால் என் சட்டை என்ன கலர், இவள் ரிப்பன் என்ன கலர் என்று தீவு வரும் வரை அவரை விடவில்லை. எல்லாவற்றையும் தப்பாகவே சொன்னார். சிலதை வேண்டுமென்றே சொன்னார் என்று நினைக்கிறேன்.

தீவில் இறங்கிய பிறகு எனக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. நீங்கள் எனக்காக ஒரு வார்த்தையை மாற்றியிருந்தால் காகிதம் இந்நேரம் என் கையில் இருக்கும். ஓட்டிக் காட்டும் பரீட்சையும் எப்படியாவது முடிந்திருக்கும். நான்தான் சுக்கானில் இருந்திருப்பேன். ஜோசபின் ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை. அவள் விழுந்திருந்தால் நான் இடப்பக்கம்தான் திருப்பியிருப்பேன்.

கோபம் போய்விட்டது, தம்பி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இப்போது வாரம் இரண்டு நாள் காதர் மைதீனை வைத்துக்கொண்டு எனக்குச் சுக்கான் பழக்குகிறார். கத்துகிறார். பட்டறையில் கிரேன்காரனைக் கத்தியதுபோலக் கத்துகிறார். நானும் திருப்பிக் கத்துகிறேன். மூடி போட்ட காலிப் புட்டிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுத் திரும்பிப் போய் எடுக்கச் சொல்கிறார். ஒன்பதில் இரண்டை இன்னும் இடித்துவிடுகிறேன்.

ஆகஸ்ட் பதினேழாம் தேதிக்குத் திரும்ப விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அன்றைக்கும் நீங்கள்தான் வர வேண்டும். நான் சரியாகச் சொன்னால் சரியாகச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் ஒரு எழுத்துக்கூடத் திருத்தாமல் தப்பாகவே சொல்லுங்கள்.

இதற்குப் பதில் போட வேண்டாம். போட்டால் உங்களை எடுத்துவிட்டு, இரக்கப்படுகிற ஆள் யாரையாவது உட்கார வைத்துவிடுவார்கள்.

இராசேஸ்வரிக்கு என் அன்பு.

உங்கள் அக்கா,
பிலோமினம்மாள்